ஆறாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளியா, கடலூர் டவுனா, பாண்டிச்சேரியா?

ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு கிராமம், மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள், வருகிற ஜூனில் பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பதா, கடலூரில் தனியார் பள்ளியா, எல்லை தாண்டிப் பாண்டிச்சேரியில் சிபிஎஸ்இ பள்ளியா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், கிராமத்திலேயே விட்டுவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுமோ, நாளைக்கு நம்மைக் குறை சொல்லுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமப் பள்ளியிலும் வேலை பார்த்திருக்கிறேன், கடலூர் டவுனிலும் பார்த்திருக்கிறேன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் நான் பாடம் எடுத்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிருந்து அங்கே போன, அங்கிருந்து இங்கே திரும்பி வந்த பிள்ளைகளை வைத்துச் சொல்வதுதான், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று. கிராமமா டவுனா என்பது ஒரு கேள்வி, அரசுப் பள்ளியா தனியாரா என்பது வேறு கேள்வி. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் நாலாவதாக ஒரு வழி இருப்பதே உங்கள் பட்டியலில் வரவில்லை: கடலூர் டவுனிலேயே இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே இடம், பாடத்துக்கு ஒரு ஆசிரியர் கிடைக்க வாய்ப்பு அதிகம், மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. உங்களைப் போன்ற பெற்றோர் பலருக்கு இது ஏன் கண்ணில் படுவதே இல்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஊரை விட்டு வெளியே அனுப்புவதென்றால் பீஸ் கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு எண்ணம் எப்படியோ வந்துவிட்டது.

இனி உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள். ஆறாம் வகுப்பு என்பது தமிழ்நாட்டில் மற்ற வகுப்புகளைப் போல இன்னொரு வகுப்பு அல்ல. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. 2020-க்கு முன்னால் நீட் எழுதி மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேர் சேர்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, நடுவில் ஒரு வருடம் பெற்றோர் பணம் கட்டித் தனியாரில் படித்தாலும் அந்தக் கதவு மூடிவிடும், பிறகு திரும்பி வந்தாலும் திறக்காது. அரசு உதவி பெறும் பள்ளிக்கும் இந்த 7.5% கிடையாது. ‘எய்டட் பள்ளியும் அரசுப் பள்ளி மாதிரிதானே’ என்று நினைத்துச் சேர்த்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் வந்து கண் கலங்கிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குப் பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றும் சேர்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் படிப்பு முடியும் வரை மாதம் ₹1000 வங்கிக் கணக்கில் வருகிறது. (இது பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவானது.) தொகை சின்னதாகத் தெரியலாம், ஆனால் பிளஸ் டூ முடித்ததும் கல்யாணப் பேச்சு எடுக்கிற வீட்டில், பெண் பெயரில் மாதா மாதம் விழுகிற அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கனம் இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது, தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ₹12,000, குடும்ப வருமானம் ₹3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான் எழுத முடியும். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புற மாணவர்களுக்கென்றே ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, டவுன் பிள்ளை அதை எழுத முடியாது. மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு மாதிரிப் பள்ளி வந்திருக்கிறது, விடுதியோடு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து.

பாண்டிச்சேரிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் ஊர் மாதிரி எல்லையோரக் கிராமங்களில்தான் இந்தக் குழப்பம் அதிகம். ஒரு தெரு தமிழ்நாடு, அடுத்த தெரு புதுச்சேரியின் பாகூர் கொம்யூன், அண்ணன் பிள்ளை அங்கே படிக்கிறான், நம் பிள்ளையும் போகட்டுமே என்று தோன்றும். ஆனால் பள்ளிக்கூட விஷயத்தில் அந்தக் கோடு உண்மையான கோடு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில்தான் இருந்தன. படிப்படியாக சிபிஎஸ்இக்கு மாறி, 2024-25-ல் புதுச்சேரி, காரைக்கால் இரண்டிலும் எல்லா வகுப்பும் மாறிவிட்டது, 2025-ல் முதன்முறையாகப் பத்தும் பன்னிரண்டும் சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள். புதுச்சேரியும் தன் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 10% ஒதுக்கீடு 2023-ல் கொண்டுவந்தது, ஆனால் அது அங்கே குடியிருப்பு உள்ளவர்களுக்கு. உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் அங்கே போய்ப் படித்தால், அது அரசுப் பள்ளியாகவே இருந்தாலும் தமிழ்நாட்டின் 7.5%-ம் புதுமைப்பெண்ணும் போய்விடும், குடியிருப்பு இங்கே என்பதால் அங்கத்திய ஒதுக்கீடும் வராது. இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்கும் நிலை. நேட்டிவிட்டி சான்று வைத்துத் தமிழ்நாட்டுப் பொதுக் கலந்தாய்வில் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். காலாப்பட்டில் இருக்கிற நவோதயா (மத்திய அரசின் விடுதிப் பள்ளி) பற்றியும் சிலர் சொல்லியிருப்பார்கள். நல்ல பள்ளி, ஆனால் புதுச்சேரியில் குடியிருந்து, அங்கேயே ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைதான் நுழைவுத் தேர்வு எழுத முடியும். தமிழ்நாட்டில் நவோதயா கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25% இடமும் தனியாரில் எல்கேஜி, ஒன்றாம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்புக்கு மட்டும்தான், ஆறாம் வகுப்புக்கு யாராவது அதில் வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இதுவரை சொன்னது விதிகள், அதில் சந்தேகம் இல்லை. தனியார் பள்ளியில் போட்டால் பிள்ளை அதிகம் கற்றுக்கொள்ளுமா என்பதில்தான் எனக்கு அத்தனை உறுதி இல்லை, உறுதியாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. தனியார் பள்ளிப் பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்குவது உண்மை, ஆனால் அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பா படித்தவர்கள், வீட்டில் மேசை இருக்கிறது, டியூஷன் இருக்கிறது. பள்ளி எவ்வளவு, வீடு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆந்திரக் கிராமங்களில் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல ஆய்வு செய்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கல் போட்டுச் சிலருக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். நான்கு வருடம் கழித்து இரண்டு கூட்டத்தையும் சோதித்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் வேறுபாடு இல்லை, அரசுப் பள்ளியில் அவ்வளவாகச் சொல்லித்தராத இந்தியில் மட்டும் தனியார் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். தனியார் பள்ளி குறைந்த செலவில் அதே அளவு சொல்லித்தந்தது என்பதும் அந்த ஆய்வில் வந்த முடிவுதான், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அது ஆந்திரா, அது தொடக்கப் பள்ளி, கிராமத்துச் சின்னத் தனியார் பள்ளிகள். கடலூரிலோ பாண்டிச்சேரியிலோ இருக்கிற பெரிய பள்ளிகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அதேபோல் பேப்பரில் வருகிற அசர் (பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிற ஆய்வு) அறிக்கையை வைத்துக் கிராமப் பள்ளி மோசம், டவுன் பள்ளி நன்று என்று சொல்வதும் தப்பு. அந்த ஆய்வு நடப்பதே கிராமங்களில் மட்டும்தான், டவுனோடு ஒப்பிட அதில் எண்ணே கிடையாது.

அப்படியானால் கிராமப் பள்ளியில் குறையே இல்லையா? இருக்கிறது, மறைக்க மாட்டேன். முதல் குறை ஆசிரியர். கட்டடம், ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப் எல்லாம் இப்போது ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு நடக்கும்போதெல்லாம் கிராமத்துப் பணியிடத்திலிருந்து டவுனுக்கு நகர்கிறவர்கள்தான் அதிகம், அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் குறைவு. மங்களூர், நல்லூர் ஒன்றியம் மாதிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இது இன்னும் கஷ்டம், கடலூரை ஒட்டிய உங்கள் பகுதியில் அவ்வளவு இல்லை. தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. அந்த இரண்டு பேரும் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் பயிற்சிக்கோ, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் இணையதளம்) வேலைக்கோ, தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் மீதி ஒருவர். உங்கள் மகள் இப்படிப்பட்ட பள்ளியிலிருந்துதான் வருகிறாள் என்றால், ஐந்து வருடப் படிப்பில் அவளுக்கு உண்மையில் கிடைத்த நேரம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை எடுப்பார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் ₹10,000 என்று 2022-ல் நிர்ணயித்தார்கள். அந்தச் சம்பளத்துக்கு வந்து உயிரைக் கொடுத்துச் சொல்லித்தந்த பெண்களை எனக்குத் தெரியும், ஆனால் வேறு வேலை கிடைத்ததும் நடு வருடத்தில் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

இரண்டாவது, நாள் போவது. நம் மாவட்டத்தில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எத்தனை நாள் பள்ளி நடக்கும் என்பதை மழைதான் முடிவு செய்கிறது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயலும் அதோடு டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் என்று ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடம்தான் முகாம். வெள்ளம் வடிந்து, முகாமைக் காலி செய்து, வகுப்பைக் கழுவி விட்டுப் பாடம் தொடங்குவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்து நிற்கும். டவுன் பள்ளிக்கும் விடுமுறைதான், ஆனால் டவுன் பிள்ளை அந்த நாட்களில் டியூஷனுக்குப் போகும், ஊர்ப் பிள்ளையின் புத்தகமே தண்ணீரில் போயிருக்கும். அதேபோல் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் மார்ச் ஏப்ரலில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம், அதே நேரம்தான் ஆண்டுத் தேர்வு. பிள்ளை வராததற்குச் சோம்பல் காரணம் இல்லை, வீட்டில் கூலி ஆள் வைக்க முடியாத நிலைதான் காரணம். உங்கள் வீட்டில் அந்த நெருக்கடி இல்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது, அது உங்கள் மகளுக்குப் பெரிய பலம்.

மூன்றாவது, நாலு மணிக்குப் பிறகு என்ன. எனக்குத் தெரிந்து கிராமத்துப் பிள்ளைக்கும் டவுன் பிள்ளைக்கும் இடையே இருக்கும் தூரத்தில் பாதிக்கு மேல் இந்த மாலை நேரத்தில்தான் இருக்கிறது. இது என் அனுபவத்தில் தோன்றுவது, எண்ணிக்கை காட்ட முடியாது. ஆனால் பக்கபலமாக ஒன்று சொல்லலாம். கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார்கள், ஊரிலேயே படித்த ஒரு பெண் மாலையில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தருவது. தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வில், கொரோனா காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் திரும்பிவந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்த மாலை வகுப்பால் வந்தது என்று கண்டார்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் வாங்காத ஊர்ப் பெண்கள் செய்த வேலை அது. மாலையில் ஒரு மணி நேரம் யாராவது கூட உட்கார்ந்தால் பிள்ளை எழுந்து வந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

டவுன் பள்ளிக்கும் தனிக் கஷ்டங்கள் உண்டு, வெளியே தெரியாது. வகுப்பில் ஐம்பது அறுபது பிள்ளைகள், ஆசிரியருக்குப் பெயர் மனப்பாடம் ஆகவே காலாண்டு வந்துவிடும். கிராமத்தில் இருபது பிள்ளை உள்ள வகுப்பில் யார் இரண்டு நாள் வரவில்லை என்று எனக்குத் தெரியும், அம்மாவைச் சந்தையில் பார்த்தால் கேட்டுவிடுவேன். டவுனில் அது நடக்காது. கடலோரக் குப்பங்களிலிருந்து, வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் டவுன் அரசுப் பள்ளியில் நிறைய, அவர்கள் உங்கள் மகளைவிட அதிகச் சிரமத்தில் படிப்பவர்கள். டவுன் என்றாலே வசதி என்று நினைக்க வேண்டாம்.

ஆங்கில வழி பற்றி. ஐந்து வருடம் தமிழ் வழியில் படித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் நேராக ஆங்கில வழி சிபிஎஸ்இயில் போடும்போது, அவள் கணக்கையும் அறிவியலையும் விட்டுவிட்டு முதல் இரண்டு வருடம் மொழியோடு மல்லுக்கட்டுவாள். பெரும்பாலும் இந்தியும் கூடவே சேரும். சில பிள்ளைகள் சமாளித்து மேலே வந்துவிடுகிறார்கள். சில பிள்ளைகள், நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்களே, வாயை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள், எட்டாம் வகுப்பில் எங்களிடம் திரும்பி வரும்போது தமிழும் போயிருக்கும் ஆங்கிலமும் வந்திருக்காது. யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல எனக்குத் தெரியவில்லை, வீட்டில் ஆங்கிலப் பாடத்தைக் கூட உட்கார்ந்து படிக்க ஆள் இருப்பது பெரிய வித்தியாசம் என்று மட்டும் சொல்வேன். நீட் கேள்வி சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கிற என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து வருகிறது, அதனால் சிபிஎஸ்இதான் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் 2018-19-ல் தொடங்கி மாற்றிய தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் கனமானவை, அதை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு என்சிஇஆர்டி அந்நியமாக இருக்காது. அதற்காகப் பதினொரு வயதிலேயே பள்ளியை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

சரி, நீங்கள் இந்த வாரம் என்ன செய்யலாம். மகளிடம் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவள் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் வாசித்து, என்ன படித்தாள் என்று தன் வார்த்தையில் சொன்னால் நல்லது. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்று, மூன்று இலக்க எண்ணை ஒரு இலக்கத்தால் வகுக்கும் கணக்கு ஒன்று கொடுங்கள். ஆங்கிலத்தில் நாலு வரி வாசிக்கட்டும். இதெல்லாம் வந்தால் அவள் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் நிற்பாள். வராவிட்டால் எந்தப் பள்ளி என்பது இரண்டாவது கேள்வி, இந்தக் கோடை விடுமுறையில் தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பும் கணக்கும்தான் முதல் வேலை. ஆறாம் வகுப்புக்கு மேல் எந்தப் பள்ளியிலும், எவ்வளவு பணம் வாங்கினாலும், எழுத்துக்கூட்ட யாரும் மறுபடி சொல்லித்தருவதில்லை.

அப்புறம் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு நேரில் போங்கள், தலைமையாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்: கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் யார், நிரந்தரமா, மாற்றுப் பணியில் வந்தவரா? போன வருடம் எத்தனை பேர் என்.எம்.எம்.எஸ். எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள்? பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பெருமையாகச் சொன்னால், ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நீங்களோ வீட்டம்மாவோ போய்ப் பார்த்துவிடுங்கள், வயதுக்கு வந்த பிறகு பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். பத்துக்குப் பிறகு பிளஸ் ஒன் எங்கே, அங்கே உயிரியல்–கணிதப் பிரிவும் அதற்கு இயற்பியல் ஆசிரியரும் உண்டா என்பதையும் இப்போதே விசாரியுங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: அந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு, ஆங்கில ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்கள் என்றால் அங்கேயே சேருங்கள், மிச்சமாகும் பீஸிலும் வேன் பணத்திலும் கொஞ்சத்தை மாலைப் படிப்புக்கும் புத்தகத்துக்கும் செலவு செய்யுங்கள். ஆசிரியர் இல்லை என்றால் 7.5%-ஐ நினைத்து அங்கே விட வேண்டாம், மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்குத்தான் ஒதுக்கீடு பயன்படும். அப்போது கடலூர் டவுன் அரசுப் பள்ளி. தினமும் பஸ்ஸில் போய்வர அவளுக்கு வயது போதாது என்று தோன்றினால் எட்டாம் வகுப்பு வரை ஊரில், ஒன்பதிலிருந்து டவுன் என்றும் வைத்துக்கொள்ளலாம், அரசிலிருந்து அரசுக்கு மாறுவதில் 7.5%-ம் புதுமைப்பெண்ணும் போகாது, ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு மட்டும் எழுத முடியாது. பாண்டிச்சேரித் தனியாரை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், பள்ளியைக் குறைவாக நினைத்து அல்ல, ஏழு வருடம் கடன் இல்லாமல் கட்ட முடியுமா என்று உங்கள் கேள்வியிலேயே ஒரு தயக்கம் தெரிந்ததால். நடுவில் கட்ட முடியாமல் நிறுத்தினால் பிள்ளைக்கு வருகிற வலி பெரியது.

எங்கே சேர்த்தாலும், மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது எமிஸ் எண் சரியாக இருக்கிறதா, பிறந்த தேதி, பெயரின் எழுத்து இரண்டும் ஆதாரிலும் பிறப்புச் சான்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று கேட்கும்போது இந்தச் சின்னப் பிழைகள்தான் கலந்தாய்வு நேரத்தில் பெற்றோரை அலுவலகம் அலுவலகமாக அலையவைக்கின்றன. சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். வாசிப்பும் கணக்கும் எப்படி வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், எங்கே தடுமாறுகிறாள் என்று தெரிந்தால் கோடைக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று சொல்கிறேன்.